வீட்டுக்கு அடியில் இருக்கும் மணல்

மார்ச் 3

அன்புள்ள அண்ணாவுக்கு,

நான் நலம். இதை நானே முந்திக்கொண்டு சொல்லிவிடுகிறேன். நீ கேட்டு, நான் பதில் எழுதி, அது கடல் தாண்டி உன்னிடம் வந்து சேர்வதற்குள் நலம் பழையதாகிவிடுகிறது. உன் முழங்கால் எப்படி? அண்ணிக்குத் தூக்கம் வருகிறதா? போனில் பேசலாம்தான். போனில் நீ 'ம்' என்பாய், நான் மூச்சு விடாமல் பேசுவேன், வைத்த பிறகு பார்த்தால் உன்னைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரிந்திருக்காது. கடிதத்திலாவது நீ முழு வாக்கியம் எழுதுகிறாய்.

புயல் வந்து போனது. வீடு நிற்கிறது. கடலுக்கு எதிரே நீ கட்டிய சுவர் நிற்கிறது. நான் மட்டும் சன்னலைச் சாத்தப் போய் நாற்காலியோடு சரிந்தேன். அடி நாற்காலிக்குத்தான்.

கிளினிக்கில் வழக்கம்போல. டாக்டர் பல்லைப் பிடுங்குகிறார், நான் வாயைப் பிடுங்குகிறேன். நகரசபைத் தலைவர் மேடையில் சிரிக்கும் சிரிப்பில் முக்கால்வாசி எங்கள் கிளினிக்கில் செய்தது. இதை யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று டாக்டரிடம் சத்தியம் செய்திருக்கிறேன். நீ கடல் கடந்து இருப்பதால் உன்னைக் கணக்கில் சேர்க்கவில்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். சுவரின் வடக்கு முனையைத் தாண்டினால் மணல் மேடு இருக்குமே, அதன் முன்பக்கத்தைப் புயல் வழித்துக்கொண்டு போய்விட்டது. கீழே சாம்பல் நிறத்தில் ஒரு களிமண் தரை. சிலேட்டுப் பலகையைக் கழுவிக் காயப்போட்ட மாதிரி பளபளவென்று கிடக்கிறது. காலையில் நடக்கப் போன நான் அதில் கால்தடங்களைப் பார்த்தேன். யாரோ பிள்ளைகள் விளையாடியிருக்கிறார்கள் என்று நினைத்து, வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டு வந்தேன். மறுநாளும் அதே தடங்கள். இடையில் கடல் ஏறி இறங்கியிருக்கிறது. அலை அழிக்காத கால்தடத்தை நான் என் வாழ்நாளில் பார்த்ததில்லை.

பிறகு கடற்கரைத் தொல்லியல் துறையிலிருந்து ஒரு வண்டி வந்தது. கயிறு கட்டினார்கள். அவர்களில் ஒரு அம்மா, என் வயதுதான் இருக்கும், பெரிய கறுப்புக் குடையை விரித்துத் தன் தலைக்குப் பிடிக்காமல் தரைக்குப் பிடித்துக்கொண்டு குந்தியிருந்தார். வெயில் பட்டால் களிமண் வெடித்துவிடுமாம். தடத்துக்கு நிழல், தனக்கு வெயில். பார்த்த அன்றே குடையம்மா என்று பெயர் வைத்துவிட்டேன். யாருடைய கால் இது என்று கேட்டேன்.

"ஆறாயிரம் வருஷத்துக்கு முந்தி இங்க நடந்துபோனவங்க" என்றார், பக்கத்து வீட்டுக்காரர்களைச் சொல்வதுபோல.

அப்போது இங்கே அலையில்லாத காயல் இருந்ததாம். சேற்றில் நடந்திருக்கிறார்கள், வெயில் காய்ந்திருக்கிறது, மேலே மெல்ல மணல் மூடியிருக்கிறது. மூடியது மூடியபடியே போன வாரம் வரை.

பிறந்ததிலிருந்து வாய் மூடாத உன் தங்கை வீடு வந்து சேரும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை. சாட்சிக்கு ஆள் இருக்கிறது.

அண்ணியைக் கேட்டதாகச் சொல்.

உன் தங்கை


மார்ச் 20

அன்புத் தங்கைக்கு,

இங்கே இருவரும் சுகம். முழங்கால் பழகிவிட்டது. நாற்காலியில் ஏறாதே.

சுவர் நின்றதில் மகிழ்ச்சி. அலை அடித்த பக்கம் கல் இடுக்குகளில் சாந்து உதிர்ந்திருக்கிறதா என்று பார். வடக்கு முனையில் மணல் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று ஒரு கம்பியை நட்டு அளந்து எழுது.

கால்தடம் பற்றி எழுதியதைப் படித்தேன். அண்ணி உன்னைக் கேட்டாள்.

அண்ணன்


ஏப்ரல் 7

அன்புள்ள அண்ணாவுக்கு,

நான் நலம், நாற்காலியும் நலம். சாந்து உதிரவில்லை. கம்பி நட்டு அளக்கப் போனேன். கயிற்றுக்குள் கம்பியோடு நுழைந்த என்னைக் குடையம்மா பார்த்த பார்வையில் கம்பியை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டேன். குத்துமதிப்பாக என் தோள் உயரம் இறங்கியிருக்கிறது.

இப்போது நான் சொல்லப் போவதை அண்ணியிடம் வாசித்துக் காட்டு. அவர் சிரிக்கட்டும்.

இந்தத் தடங்கள் வெளியே வந்துவிட்டால், கடல் இரண்டு மூன்று முறை ஏறி இறங்கும் வரைதான் ஆயுள். இருக்கும்போதே படம் எடுக்கிறார்கள், கண்ணாடிக் காகிதத்தை மேலே விரித்து, ரவிக்கைக்கு அளவு எடுப்பதுபோல ஓரம் வரைகிறார்கள். நல்ல தடமாக இருந்தால் பிளாஸ்டர் ஊற்றி அச்சு எடுக்கிறார்கள். போன வாரம் அவர்களிடம் பிளாஸ்டர் தீர்ந்துவிட்டது. கடலோ ஏறிக்கொண்டிருக்கிறது. பல் அச்சு எடுக்கிற பிளாஸ்டர் எங்களிடம் மூட்டையாக இருக்கிறதே என்று நான் வாயை விட்டேன். அரை மணியில் டாக்டரும் நானும் வாளியோடு அங்கே நின்றோம். வாயில் பஞ்சோடு உட்கார்ந்திருந்த ஒருவரை அப்படியே விட்டுவிட்டு வந்தோம். அவர் பேச முடியாத நிலையில் இருந்ததால் புகார் வரவில்லை.

டாக்டர் உணர்ச்சிவசப்பட்டவர். செருப்பைக் கழற்றிவிட்டு அங்கும் இங்கும் ஓடினார். நான் கலக்கினேன். வெந்நீரும் ஒரு சிட்டிகை உப்பும் போட்டால் சீக்கிரம் இறுகும், அது எங்கள் தொழில் ரகசியம். இருந்ததிலேயே தெளிவான, ஆழமான தடத்தைத் தேர்ந்தெடுத்து ஊற்றினேன். இறுகியதும் தூக்கிக் கழுவினோம். அப்பப்பா, என்ன அழகான அச்சு! குடையம்மாவின் உதவியாளர்கள் கூடிவிட்டார்கள். பாத வளைவே இல்லை, இரண்டாவது விரல் கட்டைவிரலை விட நீளம், தனி இனக்குழுவாக இருக்கலாம் என்று ஒருவர் ஆரம்பித்தார்.

இருபது வருஷமாகக் கிளினிக்கில் அந்த இரண்டாவது விரலைச் செருப்புக்கு வெளியே பார்த்துக்கொண்டிருக்கிறேன், அண்ணா. திரும்பிப் பார்த்தால் டாக்டர் வலது காலை இடது காலுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். புதுசாகப் படிந்த வண்டலில் அவர் கால் வைத்திருக்கிறார், நான் பயபக்தியோடு அச்சு எடுத்திருக்கிறேன். அந்த அச்சு இப்போது எங்கள் வரவேற்பு மேஜையில் காகிதம் பறக்காமல் இருக்க உதவுகிறது.

ஆனால் மிச்சம் இருந்த பிளாஸ்டரில் இன்னொன்று எடுத்தோம். குடையம்மாவே தடத்தைக் காட்டினார். வெளுத்துப்போன, ஓரம் மங்கிய ஒரு தடம். அதைக் கழுவியபோது விரலிடுக்கில் சேறு பிதுங்கி ஏறியது வரைக்கும் தெரிந்தது. வழுக்கி, விழாமல் ஊன்றிய கால். அந்த ஒரு நொடி. "ஐயோ" என்றிருப்பாள் அந்தக் காலுக்குச் சொந்தக்காரி, என்ன மொழியில் என்று தெரியாது. என் கையில் அது கனத்தது. யாரும் சிரிக்கவில்லை.

திரும்பி வந்தபோது பஞ்சு மனிதர் தூங்கிப்போயிருந்தார்.

உன் தங்கை


ஏப்ரல் 25

அன்புத் தங்கைக்கு,

அண்ணி கண்ணில் நீர் வரச் சிரித்தாள். பஞ்சு மனிதரின் கதி என்ன என்று கேட்கிறாள்.

தோள் உயரம் என்பது எனக்குக் கவலை தருகிறது. முனையில் அவ்வளவு இறங்கினால் அடித்தளத்தைச் சுற்றிக்கொண்டு தண்ணீர் வரும். சுவரை வடக்கே இன்னும் கொஞ்சம் நீட்டினால் சரியாகிவிடும். வரைந்து இணைத்திருக்கிறேன். கல் எங்கே கிடைக்கும் என்றும் எழுதியிருக்கிறேன். கட்டும்போது நான் வந்து நிற்பேன். வீட்டுக்குப் பயம் இல்லை.

அண்ணன்


மே 13

அன்புள்ள அண்ணாவுக்கு,

நான் நலம். பஞ்சு மனிதரும் நலம். வேறு டாக்டரிடம் போய்விட்டார்.

உன் வரைபடத்தைக் குடையம்மாவிடம் காட்டினேன். நன்றாக வரைந்திருக்கிறார் என்றார். பிறகு அதை மடித்து என் கையில் கொடுத்துவிட்டு, சுவர் ஓரமாக என்னோடு முனை வரைக்கும் நடந்தார். வழியில் அவர் சொன்னதை எப்படி உனக்கு எழுதுவது என்று இரண்டு நாள் யோசித்து, டாக்டரிடம் போய்ப் புலம்பினேன். அவர் எல்லாவற்றையும் பல்லாகப் பார்க்கிறவர். "ஒரு பல்லுக்கு மட்டும் பலமா உறை போட்டா, மெல்லுற பாரம் பூரா பக்கத்துப் பல்லு மேல போகும். அது ஆடிடும்" என்றார். குடையம்மா சொன்னதும் அதுதான். நம் சுவரில் மோதுகிற அலை ஓய்ந்து போவதில்லை. சறுக்கி வடக்கு முனைக்குப் போய், அங்கே இருக்கிற மணலைத் தோண்டுகிறது. சுவர் இல்லாதிருந்தால் நம் வீட்டு முன்னாலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக மணல் கரைந்து அங்கே போய்ச் சேர்ந்திருக்கும். இத்தனை வருஷமாகப் போகவில்லை. அது நம் வீட்டுக்கு அடியில் இருக்கிறது.

மேட்டுக்கு உள்ளே இன்னும் தூரத்துக்குத் தடங்கள் இருக்கின்றனவாம். எல்லாம் மணலைப் போர்த்திக்கொண்டு படுத்திருக்கின்றன. ஒவ்வொரு புயலும் போர்வையை உருவுகிறது. சுவரை நீட்டினால் அவற்றின் மேலேயே கட்டுவதாக ஆகும்.

சுவரை எடுக்க வேண்டும் என்று துறை கேட்கிறது. கேட்கத்தான் முடியும். நிலம் உன் பேரிலும் என் பேரிலும் இருக்கிறது, இரண்டு பேரும் சம்மதித்தால்தான் நடக்கும். சுவர் போனால் வீடும் போகும். அதைச் சுற்றி வளைத்துச் சொல்ல எனக்கு வரவில்லை. பணம் பற்றி அவர்கள் பேசியது நியாயமாக இருந்தது; அதோடு அந்தப் பேச்சை முடித்துக்கொள்வோம்.

அந்தச் சுவர் எழுந்த வருஷம் எனக்கு மறக்குமா. நான் ஒரு பெட்டியோடு இந்த வீட்டுக்குத் திரும்பி வந்த வருஷம். ஊர் முழுக்க என்னிடம் கேள்வி கேட்டது. நீ ஒன்றும் கேட்கவில்லை. லீவு போட்டு வந்து, கோடை முழுக்க வெயிலில் நின்று கல் அடுக்கினாய். இந்த வீடு அசையாது என்று மட்டும் சொல்லிவிட்டுக் கப்பல் ஏறினாய்.

நான் இன்னும் அவர்களிடம் சரி என்று சொல்லவில்லை. ஆனால் சொல்ல ஆசைப்படுகிறேன். உன் மனசை எழுது.

உன் தங்கை


ஜூலை 2

அன்புள்ள அண்ணாவுக்கு,

நான் நலம். நீயும் நலமாகத்தான் இருப்பாய். இல்லாவிட்டால் அண்ணி எழுதியிருப்பார். தபால்காரரை நான் தினமும் வழிமறித்துக் கேட்டதில், அவர் இப்போது என் வீட்டுப் பக்கம் வந்தால் தலையைக் குனிந்துகொண்டு சைக்கிளை மிதிக்கிறார். ஊரில் வேறு மாதிரி பேச்சு கிளம்புவதற்குள் ஒரு கடிதம் போட்டுவிடு.

சுவரைப் பற்றி நான் இன்று கேட்கப் போவதில்லை. நேற்றுப் பார்த்ததைச் சொல்லாமல் இருக்க முடியாததால் எழுதுகிறேன்.

காற்று மாறி இன்னொரு வீச்சு மணல் போயிருக்கிறது. புதுத் தரை. ஒரு பெண் நேராக நடந்து போயிருக்கிறாள். குதிகால் ஆழமாக அழுந்தியிருப்பதால் தலையிலோ இடுப்பிலோ பாரம் இருந்திருக்கும் என்கிறார் குடையம்மா. அவள் பின்னால் ஒரு குழந்தை. என் உள்ளங்கைக்குள் அடங்கும் கால். அது ஒரு அடிகூட நேராக வைக்கவில்லை. வழியில் ஒரு கொக்கின் தடம் குறுக்கே போகிறது. பெரிய கொக்கு, விரல் ஒவ்வொன்றும் என் விரல் நீளம். குழந்தை அம்மாவை விட்டுவிட்டுக் கொக்கின் பின்னால் போகிறது. முதலில் மெல்ல, பிறகு குதிகால் படாமல் விரல் ஊன்றி. ஓடியிருக்கிறது.

ஓரிடத்தில் கொக்கின் தடம் நின்றுவிடுகிறது. அதற்கு மேல் வெறும் களிமண். குழந்தையும் அங்கே நின்றிருக்கிறது, இரண்டு பாதமும் சேர்ந்து, விரல்கள் அழுந்தி. எம்பி அண்ணாந்து பார்த்திருக்கிறது.

அண்ணா, கொக்கு பறந்ததை நான் பார்த்தேன். நான் கதை விடுகிறவள்தான், ஒன்றுக்கு ஒன்பதாகச் சொல்கிறவள்தான். இது அப்படி இல்லை. நானும் அண்ணாந்து பார்த்தேன். குடையம்மாவும் பார்த்தார். அவருக்கு இது தொழில், எத்தனையோ பார்த்திருப்பார். அவரும் மேலே பார்த்தார்.

குழந்தை எப்போது அம்மாவிடம் திரும்பியது என்று தெரியவில்லை. அதற்குள் தண்ணீர் வந்துவிட்டது. என் கணுக்கால் நனைய நின்றேன். முதலில் ஓரம் கரைந்தது, பிறகு விரல்கள். இத்தனை ஆயிரம் வருஷம் நின்றிருந்த குழந்தை என் கண் முன்னால் கலங்கல் தண்ணீராகப் போனது. காகிதத்தில் வரைந்து வைத்திருக்கிறார்கள். ஆனாலும் வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தியபோது, என் கதவு நல்ல பலமான கதவு என்பது எனக்குப் பிடிக்கவில்லை.

அண்ணியைக் கேட்டதாகச் சொல்.

உன் தங்கை


ஜூலை 21

என் அன்பு நாத்தனாருக்கு,

நலம்தானே? நான் எழுதுவது உன் அண்ணனுக்குத் தெரியாது, தெரியவும் வேண்டாம். நான் மார்க்கெட்டுக்குப் போவதாகச் சொல்லிவிட்டுத் தபாலாபீசில் உட்கார்ந்து எழுதுகிறேன். கல்யாணமான இத்தனை காலத்தில் உன் அண்ணனிடம் நான் சொன்ன முதல் பொய் இது என்று எழுதினால் நீ நம்பவா போகிறாய்.

அவருக்கு உடம்பு நன்றாக இருக்கிறது. மனசுதான் வீட்டில் இல்லை. உன் மே மாசக் கடிதம் வந்த அன்றிலிருந்து சாப்பாட்டு மேஜை போய்விட்டது. பழைய வரைபடமெல்லாம் அதில் விரித்துக் கிடக்கிறது. நாங்கள் மடியில் தட்டை வைத்துச் சாப்பிடுகிறோம். உன் கடிதத்தைப் படிக்கிறார், மடிக்கிறார், மூக்குக்கண்ணாடியைத் துடைக்கிறார், திரும்பவும் பிரிக்கிறார். கொக்கு வருகிற கடிதத்தை என்னை வாசிக்கச் சொல்லிக் கேட்டார். முடிந்ததும் எழுந்து வெளியே போய்விட்டார்.

நேற்று நானே கேட்டுவிட்டேன். "சுவர் உங்களுக்கு அவ்வளவு பெருசா?" என்றேன். எத்தனையோ பாலம் கட்டினவர் இல்லையா.

"சுவர் கிடக்கட்டும். அவ எங்க போவா?" என்றார்.

அவ்வளவுதான் பேசினார். அதை அவர் உனக்கு எழுத மாட்டார், உனக்கே தெரியும். அதனால் நான் எழுதுகிறேன். இதற்குப் பதில் எனக்குப் போடாதே. அவருக்குப் போடு. நான் சொன்னதாகக் காட்டிக்கொள்ளாதே. நீ வாயை அடக்குவாய் என்று நம்பி எழுதுகிறேன், என் தைரியத்தைப் பார்.

உன் அண்ணி


ஆகஸ்ட் 8

அன்புள்ள அண்ணாவுக்கு,

நான் நலம். எனக்கு யாரும் ஒன்றும் எழுதவில்லை. சும்மா தோன்றியதால் எழுதுகிறேன்.

கிளினிக் மாடியில் ஒரு அறை காலியாக இருக்கிறது. டாக்டர் அதில் பழைய நாற்காலிகளைப் போட்டு வைத்திருந்தார், பல் பிடுங்குகிற நாற்காலிகள், மொத்தம் மூன்று. இரண்டை எடுக்கச் சொல்லிவிட்டேன், ஒன்றை வைத்துக்கொள்வேன். சாய்ந்து படுத்துப் புத்தகம் படிக்க அதைப் போல வசதி கிடையாது. சமையலுக்கு ஒரு மூலை, குளியலறை, படிக்கட்டு அகலம், கைப்பிடி உண்டு. கீழே நாளெல்லாம் துளைக்கிற சத்தம் கேட்கும். அந்தச் சத்தத்தில்தான் பாதி ஆயுளைக் கழித்திருக்கிறேன், அது நின்றால்தான் எனக்குத் தூக்கம் கலையும். வேலைக்குப் போக இறங்கினால் போதும். மழையில் குடை வேண்டாம். ஊர் வம்பு முழுக்க என் படிக்கட்டடியிலேயே காத்திருக்கும், நான் தேடிப் போக வேண்டாம். யோசித்துப் பார்த்தால் இவ்வளவு காலம் வெளியே இருந்ததுதான் முட்டாள்தனம்.

இப்போது வேடிக்கையை விட்டுவிட்டு ஒன்று சொல்கிறேன். நான் அடிக்கடி இப்படிப் பேசுகிறவள் இல்லை, சகித்துக்கொள்.

நீ சுவர் கட்டியபோது எனக்கு ஒரு இடம் வேண்டியிருந்தது. யார் தள்ளினாலும் அசையாத இடம். நீ கொடுத்தாய். அதற்குப் பின்னால் உட்கார்ந்து அழுதேன், அப்புறம் அழுகை நின்றது, அப்புறம் வேலைக்குப் போனேன், அப்புறம் ஊரே காதைப் பொத்திக்கொள்ளும் அளவுக்குப் பேச ஆரம்பித்தேன். சுவர் செய்ய வேண்டியதைச் செய்து முடித்துவிட்டது. இன்றைக்கு அது எனக்குக் காவல் இல்லை, அண்ணா. நான் தூங்கும்போது காற்றடித்தால், எனக்கு அடியில் இருக்கிற மணல் வேறு யாருடைய போர்வையோ என்றுதான் நினைப்பு வருகிறது.

நான் இடமில்லாமல் நிற்க மாட்டேன். முடிவு நம் இருவருடையதும். நீ வேண்டாம் என்றால் வேண்டாம். நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ள மாட்டேன். வைத்தாலும் இவ்வளவு தூரத்திலிருந்து உனக்குத் தெரியாது.

உன் தங்கை


ஆகஸ்ட் 29

அன்புத் தங்கைக்கு,

இங்கே இருவரும் சுகம். மேஜை காலியாகிவிட்டது.

வடக்கு முனையில் தொடங்கக் கூடாது. அங்கே தொடங்கினால் தண்ணீர் ஒரே பாய்ச்சலாகத் தடங்கள் இருக்கும் பக்கம் திரும்பும். தெற்கிலிருந்து தொடங்கச் சொல். கடல் உள்வாங்கியிருக்கும் நேரத்தில் மட்டும் வேலை. மேல்வரிசை முதலில், அடிவரிசை கடைசியில். அடிவரிசைக் கற்களை உடைக்க வேண்டாம், நெம்பித் தூக்கினால் வரும். அப்படித்தான் உட்கார வைத்தேன். நடுப்பகுதியில் கறுத்த கல் இருக்கும் இடத்தில் இரும்புக் கம்பி போகிறது, அங்கே ஆட்கள் கவனமாக நிற்க வேண்டும். வடக்கு முனையின் கடைசிக் கற்களை, மணல் வந்து சேர ஆரம்பித்ததைப் பார்த்த பிறகே தொட வேண்டும். வீட்டை அதற்கு முன்பே பிரித்துவிட வேண்டும். ஒரு செங்கல்கூடக் கடலுக்குப் போகக் கூடாது, அது உருண்டு களிமண்ணைக் கீறும்.

படம் இணைத்திருக்கிறேன். உன் குடையம்மாவிடம் காட்டு. சந்தேகம் இருந்தால் எனக்கு எழுதச் சொல்.

சுவரில் பிழை எதுவும் இல்லை. இதை அவருக்குச் சொல்ல வேண்டியதில்லை. உனக்குச் சொல்கிறேன்.

கையெழுத்துப் போட்ட தாள் தனியாக இருக்கிறது. அக்டோபரில் வருகிறேன். அந்த மாடியின் கைப்பிடியை ஆட்டிப் பார்த்துவிட்டு எழுது.

அண்ணன்


நவம்பர் 17

அன்புள்ள அண்ணாவுக்கு,

நான் நலம். நீ ஊர் போய்ச் சேர்ந்தாய் என்று அண்ணி சொன்னார். முழங்காலுக்கு எண்ணெய் போடுகிறாயா? பயணத்தில் வாங்கிய உதை போதாது என்று இங்கே வந்து வேறு மண்டி போட்டாயே.

நீ போன பிறகு நடந்ததைச் சொல்கிறேன். முதல் காற்று வந்துவிட்டது. நம் முன்கூடம் இருந்த இடத்தில் இப்போது அலை வந்து திரும்புகிறது. வழக்கமாக நான் பல் விளக்கிக்கொண்டே நிற்கும் இடம் அது. ஆனால் நீ சொன்னபடியே நடந்தது. நம் பக்கம் கரை கரைந்தது. ஒவ்வொரு அலையும் ஒரு கைப்பிடி எடுத்துக்கொண்டு வடக்கே போயிற்று. குடையம்மா தினமும் வந்து பார்க்கிறார். முந்தாநாள் அவர் என்னைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். களிமண் தரை தெரியவில்லை. மஞ்சள் மணல். நம் கொல்லையில் இருந்த அதே மணல், சிப்பித் தூள் கலந்து, எனக்கு அடையாளம் தெரியாதா. பெருக்கிப் பெருக்கி ஆயுள் தேய்ந்தது அதோடுதானே.

குடையை மடக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு அவர் நின்றார். "மூடிக்கிச்சு" என்றார். நாங்கள் இருவரும் ஒன்றுமே இல்லாத மணலை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டு நின்றோம். அதற்குக் கீழே எத்தனை பேர் நடந்துகொண்டிருக்கிறார்கள். இனிமேல் யாரும் பார்க்க மாட்டார்கள். நானும் பார்க்க மாட்டேன். அந்த நினைப்பில் எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

ஒரு விஷயம் உறுத்துகிறது. நீ இருந்த கடைசி நாளில், வடக்கு முனைக் கற்களை எடுப்பதற்கு முன்னால், கொஞ்சம் தரை திறந்து கிடந்தது அல்லவா. இரண்டு பேர் சேர்ந்து நடந்த தடம். நீ டேப்பை எடுத்துக்கொண்டு மண்டி போட்டாய். தண்ணீர் வரும்வரை அளந்தாய். குடையம்மாவே கிட்டே வரவில்லை. இவர் அளக்கட்டும் என்று விட்டுவிட்டார். என்ன அளந்தாய் என்று கேட்டேன். 'ம்' என்றாய். இங்கே நேரிலும் 'ம்'தான். அப்புறம் ரயில் வந்துவிட்டது. என்ன அளந்தாய், அண்ணா? எனக்குத் தூக்கம் வரவில்லை. துளைக்கிற சத்தம் காரணம் இல்லை.

உன் தங்கை


டிசம்பர் 6

அன்புத் தங்கைக்கு,

இங்கே இருவரும் சுகம். எண்ணெய் போடுகிறேன்.

மணல் சேர்ந்ததைப் படித்தேன். அண்ணியிடம் இரண்டாவது முறையும் வாசிக்கச் சொல்லிக் கேட்டேன்.

நீ கேட்டதற்குப் பதில். இரண்டு பேரில் ஒருவர் கால் பெரியது, மற்றவர் கால் சின்னது. பெரிய கால் உள்ளவர் உயரமானவர்; அவருடைய இயல்பான எட்டு, அதாவது ஓர் அடிக்கும் அடுத்த அடிக்கும் உள்ள தூரம், நீளமாக இருக்க வேண்டும். தடத்தின் தொடக்கத்தில் அப்படித்தான் இருக்கிறது, சின்னவர் பின்தங்கி வருகிறார். பிறகு பெரியவரின் எட்டு குறைகிறது. களிமண் அங்கே வழுக்கலாக இல்லை, சரிவும் இல்லை, பாரமும் ஏறவில்லை; எல்லாவற்றையும் பார்த்தேன். வேறு காரணம் கிடைக்கவில்லை. சின்னவர் பக்கத்தில் வந்து சேரும்வரை குறுக்கிக்கொண்டே வந்திருக்கிறார். அதற்குப் பிறகு இருவர் எட்டும் ஒரே அளவு. தண்ணீர் வந்து நான் எழுந்திருக்கும்வரை ஒரே அளவுதான்.

எண்களை எழுதவில்லை. உனக்குப் பிடிக்காது.

உன் அறையில் மழைச் சாரல் எந்தப் பக்கமிருந்து அடிக்கிறது என்று எழுது. நான் ஒன்றும் கட்ட மாட்டேன். தெரிந்துகொள்ளக் கேட்கிறேன்.

அண்ணன்